மும்பைக்குள் கரைந்த கிராமங்கள்

தாராவியின் வடக்கு ஓரத்தில், பேருந்துப் பணிமனை ஒன்றன் அருகே, கருங்கல்லாலான சிறிய கோட்டை ஒன்று நிற்கிறது. மக்கள் அதனைக் 'காலா கில்லா' என்பர். கறுப்புக் கோட்டை என்பது பொருள். 1737 ஆம் ஆண்டில் பம்பாயின் கவர்னராயிருந்த ஜான் ஹார்ன் என்பவர் அதனைக் கட்டுவித்ததாகச் சுவரில் பதித்த கல்வெட்டு கூறுகிறது. அக்கோட்டைக்கு அப்பால் உப்பங்கழி. கழிக்கு அப்பால் இருந்த சால்செட் தீவு அன்று ஆங்கிலேயருடையதன்று. அதாவது, பம்பாய் என்னும் ஊர் அவ்விடத்தில் முடிந்துவிட்டது. இன்று அதே கோட்டையின் அருகில் நின்று சுற்றிலும் நோக்கினால் மும்பை மாநகரின் நடுவயிற்றில் நிற்கிறோம் என்பது தெரியும். கோட்டை நகரவில்லை, நகரம்தான் அதனைத் தாண்டிப் போய்விட்டது.

ஒரு காலத்தில் விளிம்பாயிருந்த கிராமம் எவ்வாறு நடுவாக மாறுகிறது, அங்ஙனம் மாறும்போது அங்கே வாழ்ந்தவர்கள் என்ன ஆகிறார்கள் என்பதையே இங்கே கவனிக்க விரும்புகிறோம். தமிழ்நாட்டை விட்டு வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு இது வெறும் சரித்திரச் செய்தியன்று. மும்பையில் நம்மவர் மிகுதியாகக் குடியேறிய தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மூன்றும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் வயலும் கழியும் சூழ்ந்த கிராமப்புறங்கள். நாம் நகரத்துக்கு வந்ததாக எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் நம் முன்னோர் பலர் ஒரு கிராமத்தை விட்டுப் புறப்பட்டு இன்னொரு கிராமத்தில்தான் வந்து இறங்கினர்.

மராத்தியில் 'காவ்டாண்' என்று ஒரு சொல் உண்டு. கிராமத்து நிலத்தில் வீடு கட்டிக் குடியிருப்பதற்கென ஒதுக்கிய பகுதியை அது குறிக்கும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் இச்சொல்லுக்குத் தமிழில் என்ன எழுதுவது என்று சிறிது தயங்கியதுண்டு. பிறகு நம் கிராமக் கணக்குகளிலேயே விடை இருப்பது நினைவுக்கு வந்தது. 'நத்தம்' என்று நாம் சொல்வதும் 'காவ்டாண்' என்று அவர்கள் சொல்வதும் ஒன்றே. மும்பையின் அடுக்குமாடிகளுக்கிடையே இன்றும் பல நத்தங்கள் உள்ளன. சந்து குறுகலாயிருக்கும், ஓட்டு வீட்டின் முன் திண்ணை இருக்கும், தெருமுனையில் சிலுவையோ ஊர்த் தேவதையின் கோயிலோ இருக்கும். அவற்றைக் கடந்து செல்வோர் அவை ஏதோ பழைய கட்டடங்கள் என்று நினைத்துப் போய்விடுவர்.

தாராவியின் மூத்த குடிகள் கோளிகள் எனப்படும் மீனவர். 1909 ஆம் ஆண்டில் வெளியான பம்பாய் நகர கெஜட்டியர், தாராவியைப் பெரிய கோளிவாடாக்களுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. மித்தி ஆறு கடலோடு கலக்கும் மாகிம் கழியில் அவர்கள் வலை வீசினர். ஆனால் அந்தக் கெஜட்டியர் அச்சேறுவதற்கு முன்பே அவர்களுடைய தொழில் நலியத் தொடங்கிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சயானிலும், 1845 இல் மாகிமிலும், தீவையும் எதிர்க்கரையையும் இணைக்கும் சாலைகள் நீரின் குறுக்கே எழுந்தன. நகரம் தன் குப்பையையும் மண்ணையும் கொட்டிச் சதுப்பை மேடாக்கிற்று. கழி தூர்ந்தது; மீன் அகன்றது. யாரும் கோளிகளை வெளியேறச் சொல்லவில்லை. அவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தனர். அவர்களுடைய நீர்தான் அவர்களை விட்டுப் போயிற்று. கிராமம் மாறுவதில் இது ஒரு வகை. வீடுகள் அப்படியே நிற்க, பிழைப்பு மட்டும் அடியோடு பெயர்ந்துவிடும். ஆயினும் ஆவணி அவிட்டத்தை ஒட்டி வரும் நாரளி பௌர்ணமியன்று கடலுக்குத் தேங்காய் அளிக்கும் வழக்கத்தை மும்பைக் கோளிகள் இன்னும் கைவிடவில்லை.

நீர் வற்றிய அந்தச் சதுப்பு நிலத்துக்குத்தான் தோல் வந்து சேர்ந்தது. 1887 இல் அங்கே முதலாவது தோல் பதனிடும் சாலை தோன்றியதாகச் சொல்வர். ஏன் தோல்? அத்தொழிலின் தேவைகளை எண்ணிப் பார்த்தால் காரணம் விளங்கும். விலங்கை அறுக்கும் இடம் அருகில் இருக்கவேண்டும். பாந்த்ராவில் அது இருந்தது. பச்சைத் தோலை உப்பிட்டு, சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து, மயிரைச் சுரண்டி, பிறகு ஆவாரம் பட்டை, கடுக்காய் முதலியவற்றின் சாற்றில் நாட்கணக்கில் போட்டு எடுக்கவேண்டும். அதற்கு ஏராளமான நீர் வேண்டும். கழிவு நீர் ஓடத் தாழ்ந்த நிலம் வேண்டும். தோலை விரித்து உலர்த்தப் பரந்த வெளி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த நாற்றத்தைக் குறைகூறும் செல்வாக்குள்ள அண்டைவீட்டார் இல்லாதிருக்கவேண்டும். விளிம்பிலிருந்த தாராவி இவை அனைத்துக்கும் பொருந்திற்று.

ஆட்களும் வந்தனர். 1871 இல் பம்பாய் இருப்புப் பாதையும் சென்னை இருப்புப் பாதையும் ரெய்ச்சூரில் இணைந்தன. 1876 ஆம் ஆண்டுப் பிறப்பன்று தூத்துக்குடி வரை இரயில் ஓடலாயிற்று. அதே ஆண்டில்தான் நம் பாட்டன்மார் 'தாது வருஷப் பஞ்சம்' என்று வாய்க்கு வாய் சொல்லி வந்த கொடும் பஞ்சமும் தொடங்கியது. பாதையும் பசியும் ஒரே காலத்தில் திறந்தன என்று சொல்லலாம். தோல் வாணிகத்தில் தேர்ந்த தமிழ் முஸ்லிம்கள் தாராவியில் முதல் வைத்தனர். திருநெல்வேலிச் சீமையின் வானம் பார்த்த ஊர்களிலிருந்து, பெரும்பாலும் ஆதிதிராவிட மக்கள், தொட்டியில் இறங்கி வேலை செய்ய வந்தனர். சொந்த ஊரில் எந்த வேலையைக் காரணங்காட்டி அவர்களை ஊருக்கு வெளியே வைத்தனரோ, அந்த வேலையே இங்கும் அவர்களுக்கு ஊருக்கு வெளியே ஓர் இடத்தைக் காட்டிற்று. ஆனால் ஒரு வேற்றுமை இருந்தது. இங்கே கூலி காசாகக் கையில் கிடைத்தது. குனிந்து நிற்கச் சொல்லும் மிராசுதார் இல்லை. 1913 ஆம் ஆண்டிலேயே அங்கே பிள்ளையார் கோயில் எழுந்துவிட்டது.

முதலில் வந்தவர் தம் ஊராரை அழைத்தார். அழைத்தவரின் குடிசையை ஒட்டியே வந்தவரும் குடிசை போட்டார். இவ்விதம் ஓர் ஊர் அப்படியே பெயர்ந்து ஒரு சந்தாக மாறிற்று. சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் நகரின் வேறு பகுதிகளிலிருந்து பெயர்க்கப்பட்டு, 1930களில் தாராவியில் நிலைபெற்றனர். கும்பார்வாடா என்பது அவர்களுடைய தெரு. கோளியும் குயவரும் தமிழரும் பிறகு வந்த உத்தரப் பிரதேசத்தாரும் ஒருவர் திருநாளை ஒருவர் பார்த்து வளர்ந்தனர். தைத்திங்கள் முதல் நாள் தாராவித் தெருக்களில் நம் பெண்கள் வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கல் வைப்பதைக் கண்டவர்கள் அதனை எளிதில் மறக்கமாட்டார்கள். சென்ற தைக்கு நாம் வாங்கிய பானை கும்பார்வாடாவில் ஒரு குஜராத்திக் குயவர் வனைந்தது. "மஞ்சள் கொத்து எதிர்க் கடையில் கிடைக்கும்" என்று அவர் நமக்கே வழி சொன்னார்.

மாட்டுங்காவின் கதை வேறு. 1896 இல் பம்பாயில் பிளேக் நோய் பரவிற்று. 1891 இல் 8.2 லட்சமாயிருந்த ஜனத்தொகை 1901 இல் 7.8 லட்சத்துக்கு இறங்கிற்று. காற்றோட்டமில்லாத நெரிசலே நோய்க்குக் காரணம் என்று கருதிய அரசாங்கம் 1898 இல் நகர அபிவிருத்தி டிரஸ்டை நிறுவிற்று. டிரஸ்டு தாதர், மாட்டுங்கா, சயான் பகுதிகளின் வயல்களை விலைக்கு எடுத்து, மண் கொட்டி உயர்த்தி, அகன்ற சாலைகளை வகுத்து, மனைகளை நீண்ட காலக் குத்தகைக்கு விட்டது. அங்கே கிராமம் மெல்ல மாறவில்லை. வரைபடத்தின் கீழ் மறைந்துபோயிற்று. சுருக்கெழுத்தும் தட்டெழுத்தும் கற்று வந்த நம் குமாஸ்தாக்கள் அந்தப் புதுக் குடியிருப்புகளில் குடியேறினர். 'கொச்சு குருவாயூர்' என்று வழங்கும் ஆஸ்திக சமாஜம் 1923 இல் எழுந்தது. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932 இல் தோன்றிற்று. 1952 இல் தொடங்கிய நுண்கலைச் சங்கத்தின் சண்முகானந்தா அரங்கம் 1963 இல் திறக்கப்பெற்று, 1990 இல் தீக்கிரையாகி, 1998 இல் மீண்டும் எழுந்தது. இவை பலரும் அறிந்தவை, விரிக்கவேண்டியதில்லை.

சொல்லப்படாத ஒன்றை மட்டும் சொல்லிவிடுவோம். மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் இடையே இருப்பது ஓர் இருப்புப் பாதை. இரு புறத்திலும் தமிழ் பேசினர். இரு புறத்திலும் ஒரே மாதத்தில் பொங்கல் வந்தது. எனினும் ஏட்டுக் கல்வியோடு வந்தவனும் கை உழைப்போடு வந்தவனும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் நெடுங்காலம் போய் வரவில்லை. கிராமத்தில் அக்கிரகாரத்துக்கும் சேரிக்கும் இடையிலிருந்த தூரத்தை இரயில்வே இலாகா தன்னையறியாமலே இங்கு அளந்து வைத்தது போலாயிற்று. தாராவிப் பெண்கள் விடியற்காலையில் அவித்த இட்டலி மட்டும் நாள்தோறும் அந்தப் பாதையைக் கடந்தது.

இனிச் செம்பூருக்குச் செல்வோம். பெயரைக் கேட்டால் தமிழூர் போலவே ஒலிக்கும். ஆனால் அது மராத்திக் கிராமம். நம்மவர் அங்கே முருகனுக்குக் கோயில் எடுத்தபோது, திருச்செந்தூரை நினைத்துத் 'திருச்செம்பூர்' என்று அழைத்து உரிமை கொண்டாடிவிட்டனர். அவ்வூருக்கு இரயில் வந்த விதம் விசித்திரமானது. 1906 இல் குர்லாவிலிருந்து செம்பூருக்கு ஒரு பாதை போட்டனர்; பிரயாணிகளுக்காக அன்று, பம்பாயின் குப்பையை ஏற்றிச் சென்று கொட்டுவதற்காக. மனிதர் ஏறிச் செல்ல 1924 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. செம்பூரை அடுத்த தேவ்னாரின் குப்பை மேடு 1927 முதல் இயங்கி வருகிறது. தேசப் பிரிவினைக்குப் பின் சிந்திலிருந்து வந்த அகதிகளுக்கு முகாம் அமைக்கவும் செம்பூரே கிடைத்தது. 1954 லிலும் 1955 லிலும் டிராம்பேயில் இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. 1956 ஆகஸ்டில் அங்கே அப்சரா அணு உலை இயங்கத் தொடங்கிற்று. ஆலைகளிலும் ஆராய்ச்சி நிலையத்திலும் வேலை பெற்ற தமிழர் பலர் செம்பூரில் வீடு கொண்டனர். மாட்டுங்காவில் இடம் போதாத குடும்பங்களின் பிள்ளைகளும் அங்கே வந்தனர்.

டிராம்பேயில் ஜனதா காலனி என்று ஒரு குடியிருப்பு இருந்தது. நகரின் உட்பகுதிகளில் குடிசை போட்டிருந்தவர்களை நகரசபையே அப்புறப்படுத்திக் கொண்டுவந்து வைத்த இடம் அது. அன்று அது யாருக்கும் வேண்டாத சதுப்பு. மக்கள் மண் அடித்து, வழி அமைத்து, பள்ளி வைத்து அதனை ஊராக்கினர். அவர்களுள் தமிழர் கணிசமாயிருந்தனர். பக்கத்தில் அணு ஆராய்ச்சி நிலையம் வளர்ந்தபோது அதே நிலம் நிலையத்துக்குத் தேவைப்பட்டது. கோலார் தங்கவயலில் பிறந்து, தச்சு வேலைக்காகப் பம்பாய் வந்த ஜாக்கின் அற்புதம் என்னும் இளைஞர் மக்களைத் திரட்டினார். குப்பையை எடுத்துச் செல்ல யாரும் வராதபோது, பிள்ளைகளின் கையில் ஆளுக்குக் கொஞ்சம் குப்பையைக் கொடுத்து அழைத்துச் சென்று நகரசபை அலுவலகத்தின் முன் கொட்டச் செய்தார் என்பது அவரைப் பற்றிப் பலரும் கூறும் செய்தி. பல ஆண்டுகள் வழக்காடியும் பயனில்லை. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதத்தில், ஏறக்குறைய 70,000 பேர் எனச் சொல்லப்படும் அந்த ஊர் முழுவதும் கலைக்கப்பட்டுச் சில கல் தொலைவிலுள்ள சீத்தா முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டது. அதுவும் சதுப்புதான். மறுபடியும் மண் அடித்தனர். குடிசை வாழ்வோர் தேசியக் கூட்டமைப்பையும் நிறுவிய அற்புதம், 2000 இல் மகசேசே விருதும் 2011 இல் பத்மஸ்ரீயும் பெற்று, 2018 இல் மறைந்தார்.

விளிம்பு மேடானால் அது நடுவாகும். மேடாக்கியவர் அடுத்த விளிம்புக்குப் போகவேண்டும். இந்த ஒழுங்கை ஜனதா காலனியில் ஒரே தலைமுறைக்குள் காண்கிறோம். தாராவியில் அது நிகழ நூறாண்டுக்கு மேலாயிற்று.

1971 இல் பாந்த்ராவின் ஆட்டுத்தொட்டி தேவ்னாருக்கு மாறிற்று. பச்சைத் தோல் கிடைப்பது தூரமாகவே, தாராவியின் பதனிடும் சாலைகள் ஒவ்வொன்றாக மூடின. எனினும் கைத்தொழில் சாகவில்லை. பையும் பணப்பையும் இடைவாரும் இன்றும் அங்கே தைக்கின்றனர். ஒரு காலத்தில் தமிழன் தாராவிக்குச் சென்று தோல் பதனிட்டான். இன்று பதனிட்ட தோல் சென்னையிலிருந்து தாராவிக்கு வருகிறது! 1977 முதல் மித்தி ஆற்றின் எதிர்க்கரைச் சதுப்பில் பாந்த்ரா - குர்லா வணிக வளாகம் உருவாகிற்று. வங்கிகளின் கண்ணாடி மாளிகைகள் எழுந்ததும் இக்கரை மண்ணுக்கும் விலை ஏறிற்று.

அரசாங்கம் வாளாவிருந்தது என்று சொல்வதற்கில்லை. 1976 இல் குடிசைகளைக் கணக்கெடுத்துப் புகைப்பட அட்டை வழங்கிற்று. 1985 இல் பிரதமர் ராஜீவ் காந்தி பம்பாய்க்கு 100 கோடி ரூபாய் அறிவித்தார். அதன் ஒரு பகுதி தாராவிக்குச் சாலையும் சாக்கடையும் சில மாடி வீடுகளுமாக வந்தது. 2004 இல் தாராவி புனரமைப்புத் திட்டம் உருப்பெற்றது. பல தடைகளுக்குப் பின் 2022 நவம்பரில் அதானி குழுமம் அதனை ஏலத்தில் எடுத்தது. திட்டத்தின் விதிகள் மனிதரை ஆண்டு கொண்டு பிரிக்கின்றன. 2000 ஆம் ஆண்டு ஜனவரி 1 ஆம் தேதிக்கு முன்பிருந்து தரைத்தளத்தில் வசிப்பவருக்குத் தாராவிக்குள்ளேயே விலையின்றி 350 சதுர அடி வீடு. அதற்குப் பின் 2011 வரை வந்தவருக்கு இரண்டரை லட்சம் ரூபாய்க்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி. பின்னர் வந்தவருக்கும் மாடியறையில் குடியிருப்பவருக்கும் வெளியிடத்தில் வாடகை அடிப்படையில் வீடு. அவ்வாறு வெளியே வைப்பதற்கு 2024 இல் மாநில அரசு ஒதுக்க முடிவு செய்த நிலங்களுள் ஒன்று எது தெரியுமா? தேவ்னார்க் குப்பை மேட்டில் 124 ஏக்கர். 1906 இல் குப்பை சென்ற அதே திக்கு. 1971 இல் ஆட்டுத்தொட்டி சென்ற அதே திக்கு.

வீடு சிறிதாயினும் கழிவறையும் குழாய் நீரும் உள்ள வீடு வேண்டும் என்பதில் தாராவி மக்களுக்கு ஐயமில்லை. மழைக்காலத்தில் சாக்கடை நீர் உள்ளே புகும் அறையை அழகென்று புகழ்வோர் அதில் ஒரு நாள் தங்கிப் பார்க்கட்டும். ஆனால் இட்டலி அவிக்கும் பெண்ணுக்கு அடுப்பும் வாசலும் வாடிக்கையும் ஒன்றோடொன்று சேர்ந்தவை. குயவருக்குச் சூளையும் முற்றமும் தரையிலேயே வேண்டும். கோளிகளோ தங்கள் கோளிவாடா குடிசைப் பகுதியன்று, பழைய நத்தம் என்று வாதாடி, அதனைத் திட்டத்தில் சேர்க்கலாகாது என்கின்றனர். எந்தச் சொல்லால் ஓர் இடத்தைக் குறிக்கிறோமோ, அந்தச் சொல்லின்படியே அவ்விடத்துக்கு விதி அமைகிறது. தமிழ்நாட்டில் 1970 இல் தோன்றிய குடிசை மாற்று வாரியம் 2021 இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாறியதையும் இங்கு நினைக்கலாம். மாற்றுவதும் மேம்படுத்துவதும் ஒன்றா என்பதை வீட்டுக்காரர்தாம் சொல்லவேண்டும்.

இதற்கிடையே நாம் விட்டு வந்த ஊரும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. கமலைக் கிணறு போய் மின்சார இறைப்பான் வந்து, கிணறும் ஆழத்துக்குப் போயிற்று. தரிசில் சீமைக் கருவேலம் மூடிற்று. ஆயினும் ஒரு கணக்கில் மட்டும் நாம் இன்னும் அவ்வூரார். திருநெல்வேலிப் பக்கத்தில் ஊர்க்கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி போடுவது வழக்கம். மணமான ஆண் ஒருவன் ஒரு தலைக்கட்டு; அவன் எந்தத் தேசத்திலிருந்தாலும் வரி உண்டு. கொடை நெருங்கும்போது தாராவிச் சந்துகளில் நோட்டுப் புத்தகத்தோடு ஆள் வருவார். தாதரிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் சாளுக்கியா விரைவு வண்டியில் அந்த வாரம் இடம் கிடைப்பதரிது.

சில மாதங்களுக்கு முன் தாராவியில் அறிந்தவர் வீட்டுக்குச் சென்றிருந்தோம். மராத்தியில் வந்த கணக்கெடுப்புப் படிவத்தைத் தமிழில் சொல்லும்படி அக்கம்பக்கத்தார் கேட்டனர். 'எந்த ஆண்டு முதல் இவ்விடத்தில் வசிக்கிறீர்' என்ற கேள்விக்கு வந்தபோது, ஒரு மூதாட்டி, "என் மாமனார் தோல் ஷாப்புல இருந்த காலத்துலயே நான் வாக்கப்பட்டு வந்துட்டேன் தம்பி, வருஷம் எனக்கெங்கே தெரியும்?" என்றார். பழைய மின்சார இரசீதுகள் எங்கே என்று கேட்டோம். 2005 ஜூலை 26 அன்று பெய்த பெருமழையில் மித்தி ஆறு பெருகி வீட்டுக்குள் வந்தபோது எல்லாம் ஊறிப்போயினவாம். உயரத்தில் சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருந்த ஒரு கட்டு மட்டும் தப்பிற்று. அதனை எடுத்து வந்து விரித்தார். ஊர்க்கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி கட்டிய இரசீதுகள். மிகப் பழையதில் 1974 என்று தேதி. ஒவ்வொன்றிலும் கணவர் பெயருக்குக் கீழே, ஊர்க் கணக்குப்பிள்ளை பென்சிலால் 'பம்பாய், தாராவி' என்று எழுதியிருந்தார்.

"இது செல்லுமா தம்பி?" என்று கேட்டார் அந்த ஆச்சி. படிவத்தின் பின்புறத்திலிருந்த சான்றுகளின் பட்டியலை மேலிருந்து கீழாக இருமுறை படித்தோம். வாக்காளர் பட்டியல், புகைப்பட அட்டை, குடும்ப அட்டை, மின்சார இரசீது ஆகியவை அதில் இருந்தன. கோயில் வரி இரசீது இல்லை.